பதினொன்றரை மணிச் சோறு

வனஜா அன்று பள்ளிக்கூடத்திலிருந்து மீசையோடு வந்தாள்.

சாதாரண மீசை இல்லை. நீல மையில் ஒவ்வொரு முடியாகக் கீறி, கன்னத்துக்கு வந்ததும் மேலே சுருட்டிவிட்ட முறுக்கு மீசை. வரைந்த கை அவசரப்படவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. வரையப்பட்ட முகமும் அசைந்து கொடுக்கவில்லை. திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டில் வண்டி போவதற்காகக் காத்திருந்த சைக்கிள்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வனஜாவும் பதிலுக்குச் சிரித்தாள். நம்மைக் கண்டால் இன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

அவள் அம்மா நாகவல்லி வேலை முடிந்து வரும்போது மணி ஆறே கால். அடுத்த வீட்டு வேம்புலியம்மாள் வனஜாவைக் குழாயடிக் கல்லில் உட்காரவைத்து முகத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"உன் பொண்ணு போலீஸ்ல சேந்துகீது. தோ பாரு. பாதிதான் போச்சு. மீதி நாளைக்குத்தான் போவும் போல."

"யார்டி பண்ணது?"

"தெர்லமா," என்றாள் வனஜா, எண்ணெய் கண்ணில் இறங்காமல் இருக்க முகத்தைச் சுருக்கிக்கொண்டு. "நான் தூங்கிகினு இருந்தேன்."

நாகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திறந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வகுப்பு டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பெற்றோர் நேரில் வந்து பார்க்கவும்.'

ஞானகுமாரி டீச்சர் கோபக்காரி இல்லை. அதுதான் நாகவல்லிக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபக்காரர்களிடம் தலையைக் குனிந்து நின்றுவிட்டால் போதும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது இந்த டீச்சரோ எதிரில் இருந்த பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"வனஜா நல்ல பொண்ணுங்க. முழிச்சிருந்தான்னா கணக்கெல்லாம் டக்குனு போட்டுடுவா. முழிச்சிருக்கறதுதான் அபூர்வமா இருக்கு. நேத்து பிரேயர்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டா. பக்கத்துப் பொண்ணு மேல சாஞ்சா. அது அடுத்தது மேல சாஞ்சுது. அஞ்சாங் கிளாஸ் வரிசையே சரிஞ்சு போச்சு."

"நாலு அடி போடுங்க டீச்சர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"தட்டி எழுப்பினா எழுந்துக்கறா. 'தாங்க்ஸ் டீச்சர்'னு சொல்றா. மறுபடியும் தூங்கிடறா. நான் என்ன பண்ணட்டும்?" டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "எடை பார்க்க வந்தாங்க. நாப்பத்தாறு கிலோ. பத்து வயசுக்கு அது அதிகம். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. பசங்க வேற பூசணி, பூசணின்னு கூப்பிடறாங்க. அவ சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா. ஆனா இப்ப விளையாட்டு பீரியட்ல வெளிய போறதில்ல. பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க, அரைப் பரீட்சைக்குள்ள சரியாகலேன்னா திரும்ப நாலாவதுல உட்கார வச்சிடலாம்னு."

நாலாவது.

நாகவல்லி படித்தது அதுவரைதான். கோவில்பதாகை ஏரிக்குக் கீழே நாற்றுக்கட்டு தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு புரட்டாசியில் அவளை நிறுத்தினார்கள். நிறுத்தியதில் அவளுக்கு அப்போது வருத்தமில்லை. சேற்றில் கால் வைப்பது குஷியாகத்தான் இருந்தது. வருத்தம் எல்லாம் பிறகு, பஸ்ஸில் போர்டு படிக்கும்போது, பாரத்தில் கையெழுத்துப் போடும்போது, ஒரு நேரத்துக்குக் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பு என்பது அவள் மனத்தில் ஒரு வாசற்படி. மகள் அதைத் தாண்டிவிட்டாள் என்று ஜூன் மாதத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் கமர்கட் வாங்கிக் கொடுத்திருந்தாள். தாண்டிய காலைத் திரும்ப இந்தப் பக்கம் எடுத்து வைப்பார்களா?

செய்தி கேட்டு வேம்புலியம்மாள் ஒரே நிமிஷத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பலவீனம்டி. வேற ஒண்ணும் இல்ல."

"பலவீனமா? நாப்பத்தாறு கிலோக்கா!"

"வெளிய பாத்தா அப்டித்தான் தெரியும். ஊதுன ஒடம்பு. உள்ள சத்து கீதா? சத்து இருந்தா ஏன் தூங்குது? வண்டில பெட்ரோல் இல்லாங்காட்டி இன்னா ஆவும், நின்னுபூடும். அத்த மாதிரிதான். நல்லா துன்னக் குடு, தானா முழிச்சிக்கும்."

சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோல்தான் நாகவல்லிக்குத் தோன்றியது. வயலில் இருந்த காலத்தில் வேலை நடுவே ஒருத்தி கண்சொருகிச் சாய்ந்தால் அவளுக்குக் கூழ் கரைத்துக் கொடுப்பார்கள்; எழுந்துவிடுவாள். சோர்வு என்றால் பசி. பசி என்றால் சோறு. அந்தக் கணக்கு அவர்கள் சனத்துக்குத் தப்பியதே இல்லை.

அன்றிலிருந்து காலையில் இரண்டு அவித்த முட்டை. பாலில் இரண்டு கரண்டி சத்துமாவு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேம்புலியம்மாள் வீட்டில் எள்ளுருண்டை. செவ்வாய், வெள்ளி தவிர்த்து ஆட்டுக்கால் சூப். படுக்கப்போகும்போது நெய் விட்டுப் பிசைந்த ஒரு கவளம், 'ராத்திரியில் உடம்பில் ஊறட்டும்' என்று. வனஜா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் பலவீனமாத்தான் கீதுமா," என்று கையை நீட்டினாள்.

ஒரு மாதத்தில் நாற்பத்தெட்டு கிலோ ஆனாள். தூக்கமும் அதே அளவுக்கு வளர்ந்தது.

ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரம்மா தொண்டையைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார், குறட்டை விடுகிறாளா என்று கேட்டார், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கறா?"

"எட்டரைக்குப் பட்த்துக்கும்மா."

"படுக்கறதைக் கேக்கலை. தூங்கறது எப்ப? நடுவுல எழுந்துக்கறாளா?"

நாகவல்லியைக் கம்பெனிச் சட்டையில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் இருக்க வேண்டும் என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒன்றரை அடி தள்ளிப் படுக்கிற மகள் எப்போது தூங்குகிறாள் என்று சொல்லத் தெரியவில்லை. தெரியவில்லையா, சொல்ல மனம் வரவில்லையா என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தன்னைக் கேட்டுக்கொண்டு, கேள்வியை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"தூக்கம் கெட்டா பசியும் தாறுமாறா ஆயிடும்," என்றார் டாக்டரம்மா. "குழந்தையைப் பட்டினி போட்டுடாதீங்க, பாவம். அந்த நெய்ச்சோறு, சூப்பு எல்லாத்தையும் நிறுத்துங்க. ஒரு மாசம் எந்தெந்த நாள் ஸ்கூல்ல தூங்கறான்னு குறிச்சுக்கிட்டு வாங்க."

"எனக்கு எழுத அவ்ளோவா வராதும்மா."

"கோடு போடுங்க, போதும்."

நாகவல்லி கோடு போடவில்லை. அவளிடம் அதைவிட நல்ல சாமான் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வரும் சட்டையை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலர், கை, பட்டி என்று விரலால் ஓடிப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நெல் நீளம்தான் இருக்கும் அந்த அம்பு. ஒரு நாளைக்கு எத்தனையோ ஒட்டுவாள். அதில் தீரப்போகிற ஒரு அட்டையின் கடைசி இரண்டு வரிசையைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்தாள். சாயங்காலம் வனஜாவிடம் "இன்னிக்கு?" என்பாள். "தூங்கிட்டேன்," என்று வந்தால் மளிகைக் கடைக் காலண்டரில் அந்தத் தேதியின் மேல் ஒரு அம்பு. வனஜா பொய் சொல்ல மாட்டாள். சந்தேகத்துக்கு டீச்சரையும் சனிக்கிழமைகளில் கேட்டுக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அடுத்தடுத்து பத்துச் சட்டையில் ஒரே இடத்தில் குறை வந்தால் சட்டையைப் பார்த்து எரிச்சல்படாதே. எழுந்து போய் எந்த மெஷின் என்று பார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை, சுவரில் ஈரம் ஏறிக் காலண்டர் உப்பியிருந்தது. சாந்து உதிர்கிறதா என்று பார்க்கப் போனவள் அப்படியே நின்றாள். முதல் வாரம் முழுக்க அம்பு. இரண்டாம் வாரம் முழுக்க அம்பு. மூன்றாம் வாரம் சுத்தமாக, ஒன்றுகூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. பிறகு இந்த வாரம் மறுபடியும் அம்பு.

மெஷின் எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, இத்தனை நாளும் தெரியும்.

அவள் கணவன் சின்னப்பையனுக்கு எஸ்டேட்டிலேயே இரும்பு வார்க்கிற பவுண்டரியில் வேலை. மணலில் அச்சு எடுப்பவன். அங்கே இரண்டு ஷிப்ட். சீனியர்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் அதிகம் போய்விடும். இவனுக்கு இரண்டு வாரம் செகண்ட் ஷிப்ட், ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மூன்றரைக்கு வீட்டில் இருப்பான், எட்டு மணிக்கு மகளும் அவனும் ஒரே பாயில் குறட்டை. செகண்ட் ஷிப்ட் வாரத்தில் பதினொரு மணிக்கு வேலை முடிந்து, சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வரப் பதினொன்றரை. காலையில் மகள் கிளம்பும்போது அவன் பிணம் மாதிரி தூங்குவான். அவள் திரும்பும்போது அவன் இருக்க மாட்டான்.

அதனால் பதினொன்றரை மணிதான் அப்பனுக்கும் மகளுக்கும் விடியல்.

கேண்டீனில் ஷிப்டுக்குப் போடுகிற சப்பாத்தி, வடை, வெல்லம், உலைச்சூட்டில் நிற்பவர்களுக்கென்று தருகிற வாழைப்பழம், எதையும் சின்னப்பையன் அங்கே தின்றதில்லை. டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். அவன் மட்டுமில்லை, செகண்ட் ஷிப்டில் பிள்ளை பெற்றவர்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கேட்டில் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு வரிசையாக சைக்கிள் ஏறுவார்கள். அவன் தெருமுனையில் திரும்பும்போது வனஜா பாயில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். எட்டரைக்குப் படுத்தாளே தவிர தூங்கியிருக்க மாட்டாள். சட்டியில் இருக்கிற சோற்றையும் பெட்டியில் இருப்பதையும் நடுவில் வைத்து இருவரும் சாப்பிடுவார்கள். ஒரு மணி நேரம். கிசுகிசுவென்று பேச்சு.

"இன்னிக்கு கேட்டாண்ட செக்யூரிட்டி இன்னா கேட்டான் தெரியுமா? 'இன்னா சின்னப்பையா, இரும்பு எத்தினிகினு போறியா?'ன்றான். 'இல்ல சார், வடை'ன்னேன்."

"அப்பால நைனா?"

"தட்டிப் பாத்தான். டங்குன்னுச்சு. 'ரெண்டும் ஒண்ணுதான், போ'ன்ட்டான்."

வனஜா தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் நாகவல்லி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் தூங்குகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள், அவளும் நினைக்கவிட்டாள். பகல் முழுதும் அவள் காதில் விழுவது மெஷின் சத்தம். இந்த வீட்டில் அவள் எழுந்து நடமாடும் நேரத்தில் இப்படி ஒரு சிரிப்பு கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அது மழைக்காலத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எழுந்து சேர்ந்துகொள்ளலாம்தான். எழுந்தால் தன் வாயிலிருந்து மண்ணெண்ணெய் தீர்ந்த சேதிதான் வரும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் மகள் தூங்கவில்லை என்று தெரிந்தும், தெரியாதவளாக, வருஷக்கணக்காகப் படுத்திருந்தாள்.

டாக்டரம்மாவிடம் மடித்து வைத்த கேள்வி காலண்டரில் விரிந்து தொங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. வனஜா வேம்புலியம்மாள் வீட்டு டீவிக்குப் போயிருந்தாள். நாகவல்லி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னப்பையன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"யோவ். காலண்டர பாத்தியா?"

"பாத்தேன். இன்னா அது, செவப்பு செவப்பா? அம்மன் கோயில் தேதியா? கொஞ்சம் ஜாஸ்தியா கீதே."

"உன் பொண்ணு ஸ்கூல்ல தூங்குன நாளு. உன் ஷிப்ட வச்சி எண்ணிப் பாரு."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். வெளியே வர நேரமாயிற்று. வந்தவன் சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் குடுக்கறதுதான் அதுக்கு ஆவலன்றியா?"

"நீ மட்டும் இல்லய்யா. நானும் அந்த அக்காவும் பகல்ல ஊட்டறோம், நீ ராவுல ஊட்டற. தூங்க வேண்டிய நேரத்துல அது பந்தில ஒக்காந்துகினு கீது."

"அது எழுந்து ஒக்காந்துகினு 'நைனா'ன்னா நான் இன்னா பண்ணுவேன்? துன்னாதன்னு சொல்லவா?" அவன் குரல் ஏறியது. "பவுண்டரில எட்டு மணி நேரம் மணலு, பொக. அங்க எவன் மூஞ்சும் தெரியாது. அந்த ஒரு மணி நேரம்தாம்மே எனக்கு. அதுக்கு ஓசரம்தான் சைக்கிள அப்டி மிதிச்சிகினு வரேன். உனக்கு எங்க தெரியப்போவுது, நீதான் படுத்தா கட்டையாச்சே."

நாகவல்லி ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள்.

"செக்யூரிட்டி வடைய தட்டிப் பாத்தான். டங்குன்னுச்சு."

அவன் திரும்பினான்.

"அத்த மூணு வாட்டி சொல்ட்ட. மூணாவது வாட்டி கொஞ்சம் சேத்துகினே."

"நீ... முழிச்சிகினா கீற?"

"டெய்லி."

"எத்தினி நாளா?"

"அது ரெண்டாவது படிக்கிறச்சலேருந்து."

"அடிப்பாவி! ஏன் எழுந்து ஒக்கார்ல?"

"எழுந்தா சிரிப்பு போயிடும்யா. நான் இன்னா பேசப்போறேன், அரிசி இல்ல, எண்ண இல்லம்பேன். படுத்துகினு கேக்கறதே நல்லா இருந்துச்சு." அவள் சட்டியை நகர்த்தினாள். "புள்ள தூங்கலன்னு எனக்கும் தெரியும். நல்லா இருந்துச்சேன்னு வுட்டுட்டேன். அதான் ஞாயம் பேச எனக்கு வாய் இல்ல. ஆனா நாலாவதுக்கு எறக்கிடுவாங்கய்யா. நீயாச்சும் எட்டாவது. நான் அந்த நாலாவதுலயே நின்னுட்டவ."

சின்னப்பையன் சைக்கிளைப் புரட்டி நேராக நிறுத்தினான். மணியின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு துணியைத் திணித்து, மறுபடி மூடினான். அழுத்திப் பார்த்தான். 'க்ளுக்' என்றது.

அடுத்த நாளிலிருந்து அவன் கேண்டீனில் சாப்பிட்டான். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பரிமாறுகிற துலுக்கானம், "அண்ணாத்தே, ஊட்டாண்ட சண்டையா?" என்று கேட்டு இன்னொரு கரண்டி குருமா ஊற்றினானாம்.

வீட்டில் விளக்கு எட்டரைக்கு அணைந்தது. தெருமுனையிலேயே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். ஒரு திருடனுக்குரிய எல்லாச் சிரத்தையையும் எடுத்துக்கொண்டு, கடைசியில் பவுண்டரிக்காரனுக்கே உரிய இருமல் ஒன்றை இருமினான். தெரு நாய் வரவேற்றது.

இருட்டில் வனஜாவின் குரல் வந்தது. "நைனா, நான் தூங்கிகினுதான் கீறேன்."

"சரி தூங்கு."

"நீ துன்னியா?"

"துன்னேன்."

"வடை?"

"தூங்குடி!"

மூன்று நாள் இப்படியே போயிற்று. சாப்பாடு நின்றது, தூக்கம் வரவில்லை. முன்பு சிரித்துக்கொண்டு விழித்திருந்த குழந்தை இப்போது பேசாமல் விழித்திருந்தது. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் இரண்டு பேர் தூங்குகிற மாதிரி படுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மூன்று பேரும் பொய்யாகத் தூங்குவது நாகவல்லிக்குப் பெரிய அநியாயமாகத் தோன்றியது. சிரிப்பையும் கெடுத்தாயிற்று, தூக்கத்தையும் கொடுக்கவில்லை. தையலைப் பிரிக்கத் தெரிந்தது, திரும்பத் தைக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். இந்த வீட்டில் பதினொன்றரை மணிக்கு அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

"வனி, இப்டி வா. ஏன்டி தூங்க மாட்ற? பசிக்குதா?"

"இல்லமா."

"பின்ன?"

"தூங்கிட்டா நைனாவ எப்ப பாக்குறது?"

சின்னப்பையன் இருட்டில் மூக்கை உறிஞ்சினான். வனஜாதான் யோசித்துக்கொண்டே இருந்து கேட்டாள்.

"நைனா, பகல்ல எங்களுக்கு பன்னண்டரைக்கு சோத்து மணி அடிப்பாங்க. அப்ப நீ இன்னா பண்ணிகினு இருப்ப?"

"குளிச்சிட்டு சும்மா குந்திகினு இருப்பேன். ரெண்டு மணிக்குத்தான கெளம்பறது."

"நம்ம ஸ்கூலு நீ போற வழிலதான கீது?"

"ஆமா."

"அப்ப என் சோத்த நீ எத்தினிகினு வாயேன். ரெண்டு பேரும் அங்க துன்னலாம். பகல்ல சிரிச்சா யாரும் தலகாணி வைக்கத் தேவல."

அந்த இருட்டில் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் தேடினார்கள். ஒரு வருஷமில்லை, இரண்டு வருஷமில்லை. பகல் என்று ஒன்று இருப்பது இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பகல் கம்பெனிக்குரியது, பள்ளிக்கூடத்துக்குரியது, அவனுக்கு அது தூங்குகிற நேரம். ராத்திரி மட்டும்தான் வீட்டுக்குரியது என்று அவர்களாகவே பிரித்து வைத்திருந்தார்கள்.

"இது ஏன்டி எங்களுக்குத் தெர்ல?" என்றான் சின்னப்பையன்.

வனஜா அம்மாவின் மடியில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். கனமான, சூடான தலை. தொடை மரத்துப்போகும்வரை நாகவல்லி அசையவில்லை.

கார்த்திகை பாதியில், பள்ளிக்கூடத்திலிருந்து மறுபடியும் சிவப்பு மை வந்தது. 'பெற்றோர் உடனே வந்து பார்க்கவும்.'

உடனே என்ற சொல்லை நாகவல்லி இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மூன்று வாரமாகக் காலண்டரில் ஒரு அம்புகூட ஒட்டவில்லையே. பகல் சோறு தொடங்கிய மூன்றாம் நாளே இரவு எட்டரைக்கு இந்தப் பக்கம் திரும்பி, காலை ஆறுக்கு அந்தப் பக்கம் திரும்புகிற தூக்கம் வந்துவிட்டதே. சூப்பும் நெய்யும் நின்று, எடை அதற்குமேல் ஏறவும் இல்லையே. பிறகு என்ன? அரைப் பரீட்சைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே, மழையில் கழுவிய சிமெண்டு மேடையில், சின்னப்பையன் பவுண்டரிக் காக்கிச் சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே வனஜா. நடுவில் கீரையும் சோறும். சுற்றிலும் தட்டும் கையுமாக ஏழெட்டுப் பிள்ளைகள்.

"...மேஸ்திரி மணல்ல கால் வச்சாரா, செருப்பு ஒண்ணு மாட்டிகிச்சு. தெரியாம அது மேலயே அச்சு மூடிட்டோம். எடுத்துப் பாத்தா, இரும்புல ஒரு செருப்பு! பட்டையோட!"

பிள்ளைகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். வனஜா சிரிக்கும்போது மொத்த உடம்பும் சிரித்தது. நாகவல்லி அதைப் பார்த்து நின்றாள். காதால் மட்டும் அறிந்திருந்த ஒன்றுக்கு இத்தனை பற்களும் இத்தனை வெயிலும் இருந்திருக்கின்றன.

"வாங்க நாகவல்லி," என்று பின்னாலிருந்து ஞானகுமாரி டீச்சர் குரல் கேட்டது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"டீச்சர், மறுபடியும் தூங்கிட்டாளா?"

"தூங்கறதா? தூங்கினா பரவாயில்லையே! வாயே மூட மாட்டேங்கறா. இங்க அவங்கப்பா சொல்ற கதையெல்லாம் அஞ்சாவது பீரியட்ல அப்படியே நடிச்சுக் காட்டறா. மேஸ்திரி ஒத்தச் செருப்போட நடக்கறது எப்படின்னு டெஸ்க் மேல ஏறி நடந்தா. கிளாஸே உருளுது. நான் போர்டு பக்கம் திரும்பி நின்னுக்க வேண்டியதாப் போச்சு." டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "கொஞ்சம் கண்டிச்சு வைங்க. ரொம்ப வேண்டாம்."

"நாலாவதுக்கு..."

"பெரிய டீச்சர்கிட்ட கேட்டேன். அங்க அனுப்பினா நாலாவதையும் கெடுப்பா, அஞ்சாவதுலயே இருந்து தொலையட்டும்னுட்டாங்க."

நாகவல்லி மதிலைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற மகள்மேல் இவ்வளவு இனிப்பான புகார் அவள் கேட்டதில்லை. டீச்சர் போனபிறகு மரத்தடிக்குப் போய், "கொஞ்சம் தள்ளு," என்று மேடையில் உட்கார்ந்தாள்.

"இன்னாமா, டீச்சர் திட்டுனாங்களா?" என்றாள் வனஜா, பயந்து.

"திட்டுனாங்கடி. நல்லா திட்டுனாங்க." அவள் மகளின் கன்னத்தை வழித்துத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

சின்னப்பையன் ஒரு கை கீரைச்சோறு உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தான். மணி ஒன்றாகியிருந்தது. மண்ணெண்ணெய் இன்றைக்குக் கடைக்கு வரும் என்று சொல்ல அவள் வாய் தானாகத் திறந்தது. பிள்ளைகள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க கம்பெனில," என்றாள் நாகவல்லி, தன் குரல் தனக்கே புதிதாக, "தாயம்மான்னு ஒருத்தி. போன வாரம் அவ ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கம் வச்சித் தச்சிட்டா."

"ஐயே!"

"நான் அம்பு ஒட்டி சூப்பர்வைசராண்ட காட்டினேன். அவுரு, 'இதுல இன்னா தப்பு, போட்டுப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது'ன்னு, அத்த எடுத்து மாட்டிகினாரு."

சைக்கிளை எடுக்க எழுந்த சின்னப்பையன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பால?" என்றான்.